தரை சுத்தம்

இங்கே காற்று நன்றாக வருகிறது, மேடம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்ல வசதியான இடம். இந்த வாக்கி-டாக்கி நடுநடுவே கரகரக்கும். அதை நான் அழுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சகலை மேல் எனக்குப் பகை கிடையாது. அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்களுக்குள் என்ன பகை வந்துவிடப் போகிறது? அவரை உங்கள் மரப் பராமரிப்புக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று என் மனைவிதான் சொல்லுவாள். நான் சொன்னதில்லை. நினைத்ததோடு சரி.

மரம் ஏறுகிறவனுக்கு முதலில் போவது பயம், அப்புறம் போவது முட்டி. எனக்கு இரண்டும் போயாயிற்று. வீட்டு மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். பெல்ட் மாட்டிக்கொண்டு உச்சியில் தொங்கும்போது வலிக்காது. இறங்கித் தரையில் கால் வைத்ததும் உயிர் போகும். ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. இந்தத் தொழிலில் முட்டி போனவன் போய் உட்கார இரண்டு நாற்காலிதான் உண்டு. ஒன்று சூப்பர்வைசர் நாற்காலி, இன்னொன்று வீட்டு நாற்காலி. வீட்டு நாற்காலிக்கு எதிரே என் மனைவி உட்கார்ந்திருப்பாள்.

சூப்பர்வைசர் நாற்காலி எப்படிக் காலியானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். பழைய சூப்பர்வைசர் கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் கயிற்றில் சர்ரென்று இறங்கினார். கீழே உங்கள் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் பூட்ஸ் இரண்டும் அவர் தோளில் இறங்கின. டீ கூடச் சிந்தவில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லுவார், கழுத்துப்பட்டையோடு. பழைய சூப்பர்வைசர் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்த விதியைக் கொண்டுவந்தீர்கள். தரையில் நிற்கிற ஆள் மரத்தடியைக் கண்ணால் பார்த்து, 'தரை சுத்தம்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவரை மேலே இருப்பவர் ரம்பத்தையும் ஓட்டக் கூடாது, இறங்கவும் கூடாது. மீறினால் அன்றோடு வேலை போச்சு. அருமையான விதி. அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, "மனுஷங்க மட்டும்தானா மேடம்? வாயில்லா ஜீவன்களையும் சேத்துக்கலாமே" என்றேன். நீங்கள் நெகிழ்ந்துபோய், உயிருள்ள எதுவும் மரத்தடியில் இருக்கக் கூடாது என்று சேர்த்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சகலைதான் பலமாகத் தட்டினார்.

அன்றைக்கே திட்டம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். எனக்கு விலங்குகள் மேல் பிரியம் உண்டு. அதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நாற்காலிக்கு நானும் சகலையும்தான் போட்டி. நான் அனுபவஸ்தன். அவர் ஏதோ படிப்பு படித்து ஒரு சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். என் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். "அவரு மரத்தோட நாடி பாப்பாராம்" என்பாள். "நான் மட்டும் என்னத்தைப் பாக்கறேன்?" என்று கேட்டால், "நீங்க கடிகாரத்தைப் பாக்கறீங்க" என்பாள். குடும்பம் என்றால் நாலு பேச்சு இருக்கும். அதற்காக யாராவது சகலையை மரத்தில் ஏற்றிவைப்பார்களா?

நேர்முகத்துக்கு நீங்கள் கூப்பிட்ட நாள் அன்று, காலையில் எங்கள் இருவருக்கும் பல் மருத்துவமனையில் வேலை. பின்பக்கத்து முற்றத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் இரண்டு பட்ட கிளைகள். ஒன்றை அறுத்து இறக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, மத்தியானம் ஆபீசுக்கு வருவதாக ஏற்பாடு. முறைப்படி அன்று ஏற வேண்டியவன் நான். முட்டியைத் தடவிக்கொண்டு பெல்ட்டை எடுத்தேன்.

"நீங்க உக்காருங்க சகலை, நான் ஏறறேன்" என்றார் அவர். "இன்டர்வியூவுக்கு நொண்டிக்கிட்டுப் போகாதீங்க."

நல்ல மனுஷர், மேடம். நான் எங்கேயும் இல்லையென்று சொல்லவில்லை. அப்படி நல்ல மனுஷராக இருப்பதில் இருக்கிற தொல்லை என்னவென்று அவரே யோசித்திருக்க வேண்டும்.

விதிப்படி செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். முற்றத்தைச் சுற்றி நான் நாடா கட்டினேன், கூம்புகளை வைத்தேன். நாடாவுக்குள் தலைக்கவசம் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று போர்டும் மாட்டினேன். 'தரை சுத்தம்' என்றேன். அவர் கிளையை அறுத்தார். கயிற்றில் கட்டி, பூ மாதிரி இறக்கினார். நான் அதை ஓரமாக இழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் வந்து படுத்திருந்தார்.

மேனேஜர் என்பது அந்த மருத்துவமனைக் காவலாளியின் நாய். கிழம், செவிடு, நல்ல உடம்பு. நினைத்த இடத்தில் படுக்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். அதனால் அங்குள்ளவர்கள் வைத்த பேர் அது. கயிறு இறங்குகிற இடத்துக்கு நேர் கீழே, நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

"சகலை, தரை சுத்தமா?"

"இன்னும் இல்ல சகலை. மேனேஜர் படுத்திருக்கார்."

"எழுப்புங்களேன்."

எழுப்பினேன். பக்கத்தில் குனிந்து, "மேனேஜர், கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். செவிட்டு நாயிடம் மெதுவாகக் கேட்டால் எப்படிக் கேட்கும் என்கிறீர்கள். பிற்பாடு எனக்கும் அது தோன்றியது. ஆனால் தூங்குகிற உயிரிடம் கத்துவது என் சுபாவம் இல்லை.

காவலாளி ஓடிவந்தார். "நான் தூக்கிட்டுப் போறேன்ணே" என்றார். "தலைக்கவசம் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை. அதனால் நாடாவுக்குள் விடவில்லை. வரவேற்பில் இருக்கிற பெண் ஒரு பிஸ்கட்டை நீட்டி, "ச்சூ, ச்சூ" என்றாள். கிழ நாய்க்கு இனிப்பு ஆகாது, பல் போய்விடும் என்றேன். பல் மருத்துவமனையில் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

மேலேயிருந்து சகலை, "எறும்பு கடிக்குது சகலை" என்றார்.

"அதுங்களுக்கும் உயிர்தானே. அடிச்சிடாதீங்க" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவருடைய டிபன் பாக்சைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். கெட்ட எண்ணம் உள்ளவன் சாப்பாடு அனுப்புவானா? தண்ணீரும் அனுப்பினேன், தாராளமாக. தண்ணீர் விஷயத்தில் நான் அளவு மீறிவிட்டேன் என்பது அவர் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு கிளையில் நெளிந்தபோதுதான் புரிந்தது. அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

அந்த முற்றத்துக்கு நேராகத்தான் டாக்டரின் ஜன்னல். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தால் மரத்தின் உச்சி தெரியும். வந்தவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு சகலையைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் வாய்க்குள் பஞ்சோடு ஏதோ சொல்ல முயன்று கையைக் கையை நீட்டியிருக்கிறார். டாக்டர் வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டார். அவர் அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லையாம்.

நேரம் நெருங்கியது. சகலை தவித்தார். "சகலை, இன்டர்வியூ இருக்கே. கண்ணை மூடிக்கிட்டு இறங்கிடட்டுமா?"

"தாராளமா இறங்குங்க சகலை" என்றேன். "வேலை போனாலும் பரவாயில்லைன்னா இறங்குங்க. நான் மேடம்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

அவர் இறங்கவில்லை. அவருக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள். ஹாலில் அந்தச் சான்றிதழ் வேறு இருக்கிறது.

"அப்ப ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று வாக்கி-டாக்கியை எடுத்தார். பேட்டரி தீர்ந்துவிடும், சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று அதைக் கயிற்றில் இறக்கச் சொன்னேன். இறக்கினார். அப்படி என்னை நம்பினார், மேடம்.

என் தலைக்கவசத்தைக் காவலாளியின் தலையில் வைத்தேன். "கண்ணை எடுக்காம பாத்துக்கங்க. ஆனா 'தரை சுத்தம்'னு மட்டும் நீங்க சொல்லக் கூடாது. அது நான்தான் சொல்லணும்" என்றேன். அவர் தலைக்கவசத்தைக் கண்ணாடியில் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். இனி அவர் நாடாவுக்குள் போகலாமே, நாயைத் தூக்கலாமே என்று எனக்கும் உறைத்தது. அதனால் போர்டில் 'பயிற்சி பெற்றவர் மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நேர்முகத்தில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "பாதுகாப்புன்னா உங்களுக்கு என்ன?"

நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மேல இருக்கறவன் உயிர் கீழ இருக்கறவன் கையில மேடம். அவன விட்டுட்டு ஒரு அடி நகர்ந்தாலும் அவன் மனுஷனே இல்ல." சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, மனதிலிருந்து வந்தது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கழுத்துப்பட்டை விட்டவரைக்கும் தலையாட்டினார்.

சகலை ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். "அவருக்கு மரத்த விட்டு இறங்க மனசு வரல மேடம்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

வெளியே வந்ததும் சகலையின் போன் என் பையில் அடித்தது. கொழுந்தியாள். "அத்தான், அவரு எங்க? காலையிலருந்து போன் எடுக்கல."

"மேல இருக்காரும்மா. இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியல" என்றேன். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை கிளம்பியது. நான் சொன்னது மரத்தை. அவள் எதை நினைத்துக்கொண்டாளோ, போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம்தான். ஆட்டோவில் இரைச்சலாக இருந்தது.

நேராக மரத்தடிக்குத்தான் போவதாக இருந்தேன். வழியில் வீடு வந்துவிட்டது. சூப்பர்வைசர் நாற்காலி எனக்குத்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். ஹால் சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்தாள். அந்த நேரத்தில் எழுந்து, 'உன் தங்கை புருஷனை மரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இறக்கிவிட்டு வருகிறேன்' என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்?

மழை பிடித்துக்கொண்டது. காவலாளியிடம் ஒரு குடை கொடுத்து மேலே அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். மரத்தின் மேல் குடை பிடிப்பது பாதுகாப்பு இல்லை. விட்டுவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டாக்டர் உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் கொட்டுகிற மழையில் வந்து நின்று, "இறங்குங்க, நான் சொல்றேன்" என்றீர்கள். சகலை தொப்பலாக நனைந்து, கிளையைக் கட்டிக்கொண்டு, "நீங்க தரை ஆள் இல்லையே மேடம். அவர் வந்து சொல்லட்டும்" என்றாராம். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் சொட்டு விழுந்ததுமே மேனேஜர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டது. அதற்கு இருந்த புத்திகூட எங்கள் யாருக்கும் இல்லை. வெறும் தரைக்கு மேலே சகலை உட்கார்ந்திருந்தார், இரண்டு வார்த்தைக்காக.

என்னை வீட்டிலிருந்து கைலியோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அங்கே கொழுந்தியாள் வேறு, மாலையோடு வந்திருந்தாள். "தரை சுத்தம்" என்றேன். சகலை இறங்கினார். நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா சகலை. நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார். கொழுந்தியாளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டாள்.

நீங்களும் அங்கேயே, அந்த மழையிலேயே, விதிக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் என்று சொல்லி அவரையே சூப்பர்வைசர் ஆக்கினீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது, மேடம். அதை மறைப்பானேன். வீட்டுக்குப் போனால் நாற்காலி பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

இப்போது அந்தக் கோணிச்சாக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். மரத்தடியில் நாய் படுத்திருந்த இடத்தில் மடித்துப் போட்டிருந்த சாக்கு. என்னுடையதுதான். எங்கள் வீட்டுச் சாக்குதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை. பல் மருத்துவமனை வேலை வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து சாயங்காலங்களில் அங்கே போய், அந்தச் சாக்கை விரித்து, அதில் மேனேஜருக்குக் கறிச்சோறு போட்டு வந்தேன். கயிறு எங்கே இறங்கும் என்று அண்ணாந்து பார்த்துத்தான் விரித்தேன். சம்பவத்தன்று காலையில் இரண்டு பங்காகப் போட்டேன். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, மேனேஜருக்கு இருக்காதா? என் முட்டியைத் தடவிக்கொண்டதும் கணக்குப் பண்ணித்தான். சகலை பதறிப்போய்த் தானே ஏறுவார் என்று எனக்குத் தெரியும். விலங்குகளை விதியில் சேர்க்கச் சொன்னதும் அதற்காகத்தான். எல்லாம் நான்தான் செய்தேன், நான் ஒருவனேதான். போதுமா, மேடம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவிலும் ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை. மரத்தடியை விட்டு நகர்ந்தது ஒன்றுதான். அதுவும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்காக.

சரி, நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது என் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து, இடது பக்கம் மூன்றாவது கிளை. தெரிகிறதா? கையை ஆட்டுகிறேன், பாருங்கள். மிச்சமிருந்த பட்ட கிளையை அறுக்கச் சொல்லி இன்று காலையில் சூப்பர்வைசர் என்னைத்தான் ஏற்றினார். "சகலை, முட்டி..." என்றேன். "மெதுவா ஏறுங்க சகலை, அவசரமே இல்ல" என்றார். கிளையை அறுத்து இறக்கி எவ்வளவோ நேரமாகிவிட்டது. சாப்பாடு வந்துவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது, தாராளமாக. எறும்புகளும் என்னை மறக்கவில்லை.

ஜன்னலில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறார். அன்றைக்கு வந்த அதே பெரியவர் மாதிரிதான் இருக்கிறது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

தரை சுத்தமா என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டுவிட்டது. "இன்னும் இல்ல சகலை" என்கிறார். இல்லைதான். எனக்கு நேர் கீழே மேனேஜர் நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கிறது. அடியில் ஒரு சாக்கு. அது எங்கள் வீட்டுச் சாக்கு இல்லை, புதுச் சாக்கு. நாயின் வயிறு உப்பலாக இருக்கிறது. பக்கத்தில் சூப்பர்வைசர் கையில் ஒட்டியிருக்கிற சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுகிறார். இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

ஒரு மனுஷனை, அதுவும் சொந்தச் சகலையை, மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று நாய்க்குச் சோறு போட எப்படித்தான் மனசு வருகிறதோ, மேடம். எனக்கெல்லாம் அது வராது.